நாலாம் கோடு

திருப்புறம்
9 ஜூன் 2025

மதிப்பிற்குரிய வயலட் அக்காவுக்கு,

ரதீஷ் எழுதுகிறேன். கைதைக்காயல் ஷட்டரைத் திறந்து மூடுகிற ரதீஷ். கவரின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லையென்றால் இந்த ஒரு தாளை மட்டும் படித்துவிடுங்கள்.

நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஷீஜா உங்கள் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாள் என்று வள்ளக்கார லிபின் சொன்னான். மகள் அப்படித்தான் செய்வாள், குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பாறசாலையில் பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பஞ்சாயத்துக்கு மலையாளத்தில் மனுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை தொடங்கியதும் ஷட்டர் அறையைச் சுத்தம் செய்தேன். கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் சகாயண்ணனின் நோட்டு கிடைத்தது. பறவைக் காவலுக்கு நின்ற ஆறு வருடமும் ஒரு சாயங்காலம் விடாமல் எழுதியிருக்கிறார். எத்தனை எரண்டை வாத்து, எத்தனை நீலக்கோழி, எத்தனை கூடு. கடைசியில் இரண்டு வார்த்தை. 'கோடு' என்று போட்டு ஷட்டர் தூணில் தண்ணீர் நிற்கும் எண். அது எனக்குப் புரிகிறது. பக்கத்திலேயே 'கோல்' என்று ஒன்று. ஐந்து வருடம் அதில் 'சரி' என்றே இருக்கிறது. போன வருடம் ஆனி மாதத்திலிருந்து மட்டும் வேறு மாதிரி: 'கோடு நாலு. கோல் ஒரு சாண் நாலு விரல் குறைவு.' அவர் காவலை விட்டுப் போன நாள்வரை இதே வரிதான். கோல் என்று எதைச் சொல்கிறார்? உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு நிற்கும்போது தலைக்கு மேலே எரண்டைகள் விசில் மாதிரி சூளமடித்துக்கொண்டு போகின்றன. வடக்கிலிருந்து வந்து காயல் நடுவே கோரைத் திட்டுக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, தெற்கே போகும் சத்தம். போன வருடத்துக்குப் பிறகு காயலில் ஒரு எரண்டைகூட இல்லை அக்கா. நிமிர்ந்து பார்த்தால் வானம் வெறுமனே கிடக்கிறது. சகாயண்ணனும் அச்சு அசலாக அதே மாதிரி சூளமடிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பறவைகளே ஏமாந்து திரும்பிப் பார்க்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ரதீஷ்


ஒற்றசேகரமங்கலம்
17 ஜூன் 2025

ரதீஷுக்கு,

கிழிக்கவில்லை. அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். விறகெல்லாம் ஈரம், அடுப்பு பிடிக்கவில்லை. அதனால் படித்தேன்.

உனக்குப் பயமா? பயப்படு. போன வருடம் ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, மாடன் கோயில் முற்றத்தில் உனக்குப் பயம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். எனக்கு வேறு வேலையில்லை.

ஆனி தொடங்கி ஐப்பசிவரை காயல் தண்ணீர் நாலடிக்குக் கீழே போகக்கூடாது என்பது வயல்காரர்களான உங்கள் ஏலாக் கமிட்டியும் எங்கள் கரைக்காரர்களும் பேசி வைத்த பேச்சு. நாலடி நின்றால் கோரைத் திட்டைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், பறவை முட்டையிடும். அதற்கு மேலே ஏறினால் உங்கள் வயல் முங்கும். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாத அளவு. அந்த ஆடியில் திட்டுக்கும் கரைக்கும் நடுவே சேறு தெரிந்தது. நாய்கள் நடந்தே போயின. மூன்று நாளில் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. வெறும் இறகு.

கூட்டத்தில் நீ விளக்கைத் தொட்டுச் சொன்னாய்: "நாலுக்குக் கீழ எறக்கல்ல. மாடன் தம்புரான் சத்தியமாக்கும்."

ஷீஜாவின் அப்பாவுடைய நோட்டிலும் நாலு என்றுதான் இருந்தது. உன் மாமனார் கருணாகரன், கமிட்டித் தலைவர், அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். தண்ணீர் குறையாதபோது நாய் எப்படிப் போகும்? "அப்ப முட்ட எங்கடே போச்சு, சகாயா?" என்று கேட்டார். கள்ளுக்கடைக்கு விலைக்குப் போனது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "கோடு சரியாக்கும். தண்ணிதான் தப்பு." எல்லாரும் சிரித்தீர்கள். நீ சிரித்தாயா என்று நான் பார்க்கவில்லை.

பதினோரு வருடம் கடலை விட்டிருந்தவர், ஐம்பத்தாறு வயதில், லிபினின் வள்ளத்தில் மறுபடி ஏறினார். ஓணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அலை தட்டி விழுந்தார். கடல் ஆளைத் திருப்பித் தரவில்லை. குழி வெட்டாமலே பங்கு அச்சன் செபம் சொல்லி முடித்தார். கடல் சத்தம் கேட்காத இடம் வேண்டுமென்று நான் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ரப்பர் மரம்தான்.

கோல் என்றால் அவர் வள்ளம் தள்ளுகிற கழுக்கோல். லிபின் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டான். நான் அதில் துணி காயப்போடுகிறேன். நோட்டை நீயே வைத்துக்கொள். சூளத்தைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

வயலட்


திருப்புறம்
26 ஜூன் 2025

வயலட் அக்காவுக்கு,

எழுதாதே என்று சொன்னது சூளத்தைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி எழுதவில்லை.

அந்தக் கோலில் ஏதாவது அடையாளம் உண்டா? கத்தி வெட்டு மாதிரி? ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'திட்டின் மூங்கில் குற்றிப் பக்கம் ஊன்றினால் நாலுக்குத் தண்ணி வெட்டில் நிக்கும்.' அப்படியானால் அவருக்குத் தூணில் எழுதியிருக்கிற எண்ணை மட்டும் நம்பப் பிடிக்கவில்லை. சொந்தமாக ஒரு அளவு வைத்திருக்கிறார். ஐந்து வருடம் தூணும் கோலும் ஒத்துப்போயிருக்கின்றன. ஆறாவது வருடம் மட்டும் ஒத்துப்போகவில்லை.

நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். 2024 சித்திரையில் ஷட்டரைப் புதுக்கினார்கள். ஷட்டர் பலகை உட்காரும் பழைய வாசற்கல்லைத் தோண்டி எடுத்துவிட்டு, தரையைத் தாழ்த்திக் கான்கிரீட் போட்டார்கள். தூணையும் பூசினார்கள். பழைய எண்களெல்லாம் பூச்சுக்குள் போய்விட்டன. புது எண்களை எழுதினது யார் தெரியுமா? நான்தான். சிவப்பு பெயின்ட் வாங்கி, டேப்பைத் தரையில் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அளந்து எழுதினேன். கை நடுங்காமல் எழுதியிருக்கிறாய் என்று மாமாகூடப் பாராட்டினார்.

தரை தாழ்ந்திருக்கிறது என்பது என் தலையில் ஏறவே இல்லை அக்கா. அடி என்றால் தரையிலிருந்து அளப்பது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஒருவேளை பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய வாசற்கல் எவ்வளவு உயரத்தில் கிடந்தது என்று கான்ட்ராக்டரிடம் கேட்டேன், அவருக்கு ஞாபகமில்லையாம். மாமாவிடம் கேட்டேன். "முடிஞ்ச காரியத்த எதுக்குடே கிண்டுத?" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீது அழுதுகொண்டு நிற்கிறாள். அவளுக்கு அப்பா, எனக்கு வேலை கொடுத்தவர்.

கோலின் அடியிலிருந்து வெட்டுவரை எவ்வளவு என்று மட்டும் அளந்து அனுப்புவீர்களா? உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ரதீஷ்


ஒற்றசேகரமங்கலம்
4 ஜூலை 2025

ரதீஷ்,

வெட்டு உண்டு. அதன்மேல் ஒரு வருடமாக ஷீஜாவின் சுரிதார் தொங்குகிறது.

டேப்பையும் எண்ணையும் நான் நம்பத் தயாரில்லை, அதிலும் நீ எழுதுகிற எண்ணை. வலை முடைகிற நைலான் நூலைக் கோலின் அடியில் பிடித்து, வெட்டு வரும் இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டியிருக்கிறேன். இந்தக் கவருக்குள் இருக்கிறது. ஒரு முனைக்கும் முடிச்சுக்கும் உள்ள நீளம்தான் அவருடைய நாலு.

முடிச்சை ஏன் இப்படி அவிழ்த்து அவிழ்த்துப் போடுகிறேன் என்று ஷீஜா கேட்டாள். வயசாச்சு என்றேன். நூல் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுத வேண்டாம். நீ தெரிந்துகொண்டால் போதும்.

வயலட்


திருப்புறம்
15 ஜூலை 2025

வயலட் அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

நேற்று காலையில் ஷட்டர் தூணில் தண்ணீரை நாலாம் கோட்டில் நிறுத்தினேன். என்னுடைய நாலு. நீளமான மூங்கில் ஒன்றில் உங்கள் நூலை அடியிலிருந்து கட்டி, முடிச்சு வந்த இடத்தில் துணி சுற்றிக்கொண்டு, லிபினையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் போனேன். அவன்தான் தள்ளினான். திட்டில் அந்த மூங்கில் குற்றி இன்னும் நிற்கிறது. பக்கத்தில் ஊன்றினேன்.

தண்ணீர் துணியைத் தொடவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண், நாலு விரல்.

டேப்பில் அளந்தால் சரியாக ஒரு அடி வரும். பழைய வாசற்கல்லின் கனம் அது. நான் நாலடி என்று நிறுத்தியது உண்மையில் மூன்று அடிதான். போன வருடம் ஆடி முழுக்க மூன்றடித் தண்ணீரை வைத்துக்கொண்டு, மாடனின் விளக்கைத் தொட்டு நாலு என்று சத்தியம் செய்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை என்று என் மனசுக்குத் தெரியும். அது யாருக்கு வேண்டும்? அந்த மனுஷன் தினமும் சாயங்காலம் இதை எழுதிவைத்தார். கமிட்டியில் எல்லார் கையிலும் நோட்டு போய் வந்தது. எல்லாரும் முதல் எண்ணை மட்டும் பார்த்தோம். அடுத்த வார்த்தையை ஒருத்தனும் படிக்கவில்லை. போன வருடம் வயல் சீக்கிரம் காய்ந்தது, நடவு சுகமாக நடந்தது, விளைச்சலும் நன்றாக இருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது யார் கேட்கிறார்கள்?

திரும்பி வரும்போது சேற்றில் முட்டை ஓடுகள் பார்த்தேன். போன வருடத்து ஓடு இவ்வளவு நாள் கிடக்காது என்று லிபின் சொன்னான். அப்படியானால் இந்த வருடமும் ஏதோ ஒரு ஜோடி வந்து வைத்திருக்கிறது, நாய் எடுத்திருக்கிறது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

கரையேறும்போது சூளம் கேட்டது. பட்டப்பகலில். லிபின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குக் கேட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். இதுவரை உங்களுக்கும் லிபினுக்கும் மட்டும்தான் தெரியும்.

ரதீஷ்


ஒற்றசேகரமங்கலம்
22 ஜூலை 2025

ரதீஷ்,

என்னிடம் சொல்லி எனக்கு என்ன ஆக வேண்டும்? நான் நீதிமன்றமா, மாடனா? பாவத்தைக் காதில் வாங்கிக்கொள்ள அச்சனுக்குத்தான் சம்பளம்.

நீ எங்கே நின்று சொன்னாயோ அங்கே நின்று சொல். யாரிடம் சொன்னாயோ அவர்களிடம் சொல். அதே விளக்கைத் தொட்டுச் சொல். உன் மாமனார் முன்வரிசையில் இருக்க வேண்டும். முட்டை கள்ளுக்கடைக்குப் போகவில்லை என்று அவர் காதில் விழ வேண்டும். சகாயதாஸ் முட்டை எடுக்காதவர் என்று அந்த முற்றத்தில் ஒரு தடவை சத்தமாகக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது நடந்தால் நடந்ததென்று எழுது. நடக்கவில்லையென்றால் எழுதாதே, நான் புரிந்துகொள்வேன்.

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். சந்தோஷப்பட வேண்டியவள் நான். அடுக்களையில் போய் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

வயலட்


திருப்புறம்
11 ஆகஸ்ட் 2025

வயலட் அக்காவுக்கு,

நடந்தது.

ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு, கமிட்டிக் கூட்டம். நெல் விதை பற்றிப் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். விளக்கைத் தொட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாசற்கல், பெயின்ட், ஒரு அடி, எல்லாம். "முட்டைய சகாயண்ணன் எடுக்கல்ல. நாய்க்கு வழி போட்டுக் குடுத்தது நானாக்கும்" என்றேன். நீங்கள் சொன்ன மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன்.

யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். லிபின் பின்னாலிருந்து வந்து நோட்டை விரித்து, அந்த வரியை உரக்கப் படித்தான். ஒவ்வொரு நாளாகப் படித்தான். அறுபத்தைந்து நாள். ஒரே வரிதான், கூட்டம் முடிகிறவரை அதையே படித்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். போகும்போது என் பக்கத்தில் நின்று, "ஒரு கோட்டுக்கு வேண்டி சொந்தக் குடும்பத்த நாறடிச்சியேடே" என்றார். பிறகு கொஞ்சநேரம் வேலிப் பக்கம் நின்றிருந்தார். முட்டை எங்கே என்று முதலில் கேட்டது அவர்தான், அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

தூணில் என் எண்களைச் சுரண்டிவிட்டு, உங்கள் நூல் காட்டிய ஒரு அடியைக் கூட்டிப் புதிய நாலாம் கோடு போட்டோம். தண்ணீரை ஏற்றினேன். குறைந்த தண்ணீரை நம்பிப் புதிதாக நட்ட தாழ்ந்த வயல்கள் நாற்றோடு முங்கின, என் அரை ஏக்கரும் அதில் உண்டு. ஐப்பசிவரை இந்தக் கோட்டில் நிற்கட்டும், அதற்குப் பிறகு ஷட்டருக்கு வேறு ஆள் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அழுகிய நாற்றை நீதுவும் என்னோடு இறங்கி வாரிப் போட்டாள்.

திட்டு இப்போது தண்ணீருக்கு நடுவில் தனியாக நிற்கிறது. நாய்கள் கரையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன. நீலக்கோழி இரண்டு கூடு கட்டியிருக்கிறது. போன வியாழக்கிழமை எரண்டைகள் வந்தன அக்கா, பதினொன்று. நிஜமான எரண்டைகள், லிபினும் பார்த்தான். மூன்று தடவை சுற்றின. இறங்கவில்லை. மறுநாளும் வந்து சுற்றிவிட்டுப் போயின. இந்தக் காயலை இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது.

நான் சொல்லிவிட்டால் அந்தச் சூளம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. பறவைகள் போன பிறகு, வானம் காலியான பிறகு, இன்னும் ஒன்று மட்டும் தனியாகக் கேட்கிறது. திட்டின் பக்கமிருந்து வரவில்லை. உங்கள் பழைய வீட்டுப் பாதை வளைவிலிருந்து வருகிறது. நான் என்ன பாக்கி வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. இன்னும் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

ரதீஷ்


ஒற்றசேகரமங்கலம்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரதீஷுக்கு,

நீ இனி ஒன்றும் செய்ய வேண்டாம் மக்கா. உன் பங்கு முடிந்தது. நாற்றும் போய், வேலையும் போய், மாமனார் உறவும் போய், முற்றத்தில் நின்று சொன்னாய். ஷீஜா உன் நம்பரைத் திறந்துவிட்டாள். நான்தான் போனில் பேச மாட்டேன் என்றேன். இதை வாயால் சொல்ல எனக்கு முடியாது.

அவர் தினமும் கடலிலிருந்தோ காயலிலிருந்தோ வரும்போது வீட்டு வளைவில் நின்று சூளமடிப்பார். எரண்டை மாதிரி. அது கேட்டதும் நான் சோறு எடுத்து வைப்பேன். இருபத்தொன்பது வருடம். சண்டை போட்ட நாளிலும் அடிப்பார், காய்ச்சலோடு வந்த நாளிலும் அடிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து அவர் சூளமடிக்காமல் வந்தார். வாசலில் ஆள் நிழலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சோறு வைத்தேன். முதல் உருண்டையை எடுத்தார். நான் எதிரே உட்கார்ந்து கேட்டேன்: "நேரா சொல்லுங்க. முட்டைய என்ன செய்தீங்க?"

ஊரே கேட்ட கேள்விதான், ரதீஷ். ஊர் கேட்டபோது பதில் சொன்னார். கோடு சரி, தண்ணீர் தப்பு என்றார். நான் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். செவ்வாய்க்கிழமை லிபினின் வள்ளத்தில் ஏறினார். அதற்குப் பிறகு அந்த வளைவில் ஒரு நாளும் சூளமடிக்கவில்லை.

அவரைக் கடலுக்கு அனுப்பியது உன் சத்தியம் என்று ஒரு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்டத் திட்ட எனக்குத் தூக்கம் வந்தது. ஒருவேளை எடுத்துத்தான் இருப்பாரோ என்ற நினைப்பும் உள்ளே எங்கோ ஒரு ஓரத்தில் இருந்தது. அது இருந்தவரை நான் கேட்டது அவ்வளவு பெரிய தப்பில்லை. அந்த நூல் அதையும் எடுத்துக்கொண்டது. நாலில் முடிச்சுப் போடும்போதே எனக்குத் தெரியும், அதனால்தான் அவிழ்த்து அவிழ்த்துப் போட்டேன். நீ எண்ணைத் தப்பாக எழுதினாய், தெரியாமல் எழுதினாய். நான் அவரோடு இருபத்தொன்பது வருடம் இருந்தவள். எனக்கு எந்தக் கல்லும் மாறவில்லை, எந்தத் தரையும் தாழவில்லை.

இங்கே ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. கடலும் இல்லை, பறவையும் இல்லை, அவரும் இல்லை. அதற்காகத்தானே வந்தேன். ஆனால் நீ எழுதியதைப் படித்த பிறகு தெரிகிறது, அவர் உன்னைத் தேடி வரவில்லை. வீட்டில் ஆள் இல்லாதது தெரியாமல் வளைவில் வந்து நிற்கிறார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்கு வருகிறேன். லிபின் வண்டியோடு வந்து கோலை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். கோல் திட்டில், அந்தக் குற்றிக்குப் பக்கத்தில் நிற்கட்டும். ஷட்டரில் எந்த ஆள் வந்தாலும் அதைப் பார்த்துத் தண்ணீர் வைக்கட்டும்.

பழைய வீட்டுக் கதவின் சாவி பக்கத்து வீட்டு எலியாவிடம் உண்டு. வாங்கித் திறந்து வை. ஒரு படி அரிசியும் கொஞ்சம் விறகும் வாங்கிப் போடு, காய்ந்ததாகப் பார்த்து வாங்கு. சாயங்காலத்துக்குள் சோறு ஆக வேண்டும்.

அதற்கு முன்னால் சூளம் கேட்டால் நீ பயப்படாதே, வாறாள் என்று மட்டும் சொல்.

வயலட்